நாலு நாள் குற்றாலம், அப்புறம் வீடு

(நமது அசோசியேஷனின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். தலைப்பு, 'ஓய்வுக்குப் பிறகு சுற்றுலா'. நான் 37 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். "கையெழுத்து ஒத்துப்போகவில்லை", "நாளைக்கு வாங்க" என்பதற்கு மேல் பொதுமக்களிடம் பேசிப் பழக்கம் இல்லை. நேரம் தாண்டினால் இரண்டாவது வரிசையிலிருந்து என் மனைவி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஜூலை மாதம் நண்பர்கள் நாலு பேர் குற்றாலம் போய் வந்தோம். நாலு பேரும் ஒரே கிளையில் வேலை பார்த்தவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது. அவரவர் உட்கார்ந்திருந்த கவுண்ட்டர்தான் பெயர். ஹெட் கேஷியர், கிளியரிங், டிராஃப்ட், நான் எஸ்.பி. லெட்ஜர். என் செல்போனிலும் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறேன். ஒருநாள் என் பேரன் போனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, கிளியரிங் கூப்பிடறாங்க, ஏதாவது செக் ரிட்டர்ன் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

வேலையில் இருந்தபோது நாங்கள் ஊர் சுற்றாமல் இல்லை. எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வங்கி தரும் பயணப்படி. பிளாக் வருஷம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் போய்விடும் என்பதற்காகவே டெல்லி, ஆக்ரா என்று ஓடியிருக்கிறோம். அதைச் சுற்றுலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிளாட்பாரத்தில் பெட்டிகளை எண்ணுவது, பிள்ளைகளை எண்ணுவது, டிக்கெட் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. தாஜ்மகாலைப் பார்த்ததைவிட நான் சூட்கேஸைப் பார்த்ததுதான் அதிகம்.

நண்பர்களோடு போகும்போது அந்தப் பொறுப்பு இல்லை. யாருக்கு யாரும் தகப்பன் இல்லை. "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க, எங்களுக்கும் நாலு நாள் நிம்மதி" என்று வீட்டிலும் சந்தோஷமாகவே அனுப்பினார்கள். (இரண்டாவது வரிசையில் சிரிக்கிறார்கள், பாருங்கள்.)

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரயிலில் கீழ் பெர்த்துக்கு மூத்தவர்களுக்கென்று ஒரு கோட்டா இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அந்தக் கோட்டாவில் கிடைக்காது. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரே டிக்கெட் போட இருந்தோம். டிராஃப்ட்தான் கண்டுபிடித்து, இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் போட்டார். நாலு பேருக்கும் கீழ் பெர்த். முழங்கால் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஏறியவுடன் ஆளுக்கு 7,000 ரூபாய் பொதுப் பணமாக ஹெட் கேஷியரிடம் கொடுத்துவிட்டோம். அவர் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று கோடு போட்டு வைத்திருந்தார். இரண்டாம் நாள் இரவு கணக்கில் 20 ரூபாய் இடித்தது. மணி பத்தரை. "டேலி ஆகாம யாரும் படுக்கக் கூடாது" என்று விட்டார். வேலையில் இருந்தபோது அரையாண்டுக் கணக்கு முடிக்கும் ராத்திரி எப்படி உட்கார்ந்திருப்போமோ, அதே மாதிரி லாட்ஜ் கட்டிலில் நாலு பேரும் உட்கார்ந்து காலையிலிருந்து சாப்பிட்டதை எல்லாம் திரும்பச் சொன்னோம். கடைசியில் நேந்திரம் சிப்ஸ் கடையில் மீதிச் சில்லறையை நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டது தெரிந்தது. 20 ரூபாயைக் கொடுத்த பிறகுதான் விளக்கை அணைக்க விட்டார்.

குற்றாலத்தைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். பாதிப் பேர் போயிருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். நாங்கள் இறங்கும்போதே சாரல் அடித்தது. மழை என்று சொல்ல முடியாது, குடை பிடித்தால் ஊரே சிரிக்கும். பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

மெயினருவியில் தண்ணீர் மேலேயிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் பெரிய பள்ளம் இருக்கிறது, பொங்குமாங்கடல் என்று பெயர். அதில் விழுந்து, பொங்கி, பிறகு கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கு அடியில் மனிதன் நிற்க முடியாது. பணம் வந்தவுடன் செலவழிக்காமல் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்துச் செலவழிப்பது போல என்று ஹெட் கேஷியர் விளக்கம் கொடுத்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

அந்தக் காலத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார்கள். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் தடை. நல்லதுதான். வெறும் தண்ணீரே போதும். முதலில் தோளில் கல் விழுகிற மாதிரி இருக்கும். மூச்சு முட்டும். அரை நிமிடம் பொறுத்துக்கொண்டால் காதில் இரைச்சலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. சுகர், பிரஷர், மகன் வீட்டுக் கடன், ஒன்றும் இருக்காது. வெளியே வந்து துண்டால் துவட்டும்போது பயங்கரமாகப் பசிக்கும். வயசானவர்களுக்கு நிஜமான பசி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐந்தருவி, பழைய அருவி இரண்டிலும் குளித்தோம். சித்திரசபைக்குப் போனோம். நடராஜருக்கு உரிய ஐந்து சபைகளில் ஒன்று அது, உள்ளே சுவர் முழுக்க ஓவியங்கள். சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி ஹெட் கேஷியர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். "இனி திருவாலங்காடு மட்டும்தான் பாக்கி" என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தென்காசி காசி விசுவநாதர் கோவில் வாசலில் அடித்த காற்றில் டிராஃப்டின் வேட்டி பறந்த கதையை அவர் இல்லாதபோது சொல்கிறேன். மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் பை பையாக வாங்கினோம். ராத்திரி செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டா. டாக்டர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்த வரியை மறந்துவிடவும்.

இந்த நாலு நாளும் எங்களில் அதிக சந்தோஷமாக இருந்தவர் கிளியரிங். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டீ வாங்கி வருவார். ஆபீஸில் அதிகம் பேசாத மனுஷன், இங்கே பழைய மேனேஜர்கள் மாதிரி நடித்துக் காட்டினார். டிராஃப்டின் குறட்டையைப் பற்றி நாங்கள் இரண்டு பேர் புகார் சொன்னோம். "எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லை, நல்லா தூக்கம் வருது" என்றார். தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தானே? முதல் நாள் வீட்டை மறப்போம், இரண்டாம் நாள் ஹோட்டல் காபி நன்றாக இருக்கிறது என்போம், மூன்றாம் நாள் அதே காபி கசக்கும். தலையணை உயரமாகத் தெரியும். ஹெட் கேஷியர் மனைவிக்குப் போன் செய்து கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார். நான் நம் பிளாக்கில் மோட்டார் ரிப்பேர் என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, மேலே தண்ணீர் ஏறியதா என்று மனைவியிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

அப்போது கிளியரிங், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமா? பாபநாசம் பக்கம்தான், அங்கேயும் அருவி இருக்கு" என்றார். நாங்கள் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும் சொன்னார். டிக்கெட்டை கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தார், அதை அவரே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மறுநாள் காலையில் மூன்றாவது முறை ஆரம்பித்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னய்யா, உனக்கு வீடு வாசல் இல்லையா? எங்களுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்த விதம் உறைத்தது. கிளியரிங்கின் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். சைதாப்பேட்டையில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த அம்மாவின் காரியத்துக்குப் போய் வாசலில் நின்றவன்தான் நான். தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ரயிலில் மற்ற இரண்டு பேரும் படுத்த பிறகு, எதிர் பெர்த்தில் இருந்தவர் தானாகப் பேசினார்.

"உனக்குப் போனா கதவைத் திறக்க ஆள் இருக்கு. எனக்கு நான்தான் திறக்கணும். கிளம்பும்போது டம்ளரை எங்க வெச்சேனோ அங்கயே இருக்கும். நாலு நாள் ஒரு பொருள் நகரலைங்கறதைப் பார்க்கறப்போ ஒரு மாதிரி இருக்கும்யா. திட்டக்கூட ஆள் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். "வருஷத்துக்கு ஒரு தடவை நவம்பர்ல பேங்க்ல கேக்கறாங்க, நான் உயிரோட இருக்கேனான்னு. மத்த பதினோரு மாசம் யாரும் கேக்கறதில்லை."

பென்ஷன் வாங்கும் நாம் எல்லோரும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிறோம். கவுண்ட்டரில் இருந்தபோது ஆயிரக்கணக்கில் நான் வாங்கியிருப்பேன். சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவர் வாங்க என்று சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட இப்படி நினைத்ததில்லை. விழுப்புரம் தாண்டும் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் தாம்பரத்தில் இறங்கி, அவர் மின்சார ரயிலுக்குப் படியேறினார். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வந்து சேர்ந்த சந்தோஷத்தில் அவரை அடியோடு மறந்துவிட்டேன். கேட்டில் வாட்ச்மேன், "என்ன சார், ஆளையே காணோம்" என்றார். லிஃப்ட் நம் லிஃப்ட் மாதிரியே இரண்டாவது மாடியில் ஒரு உலுக்கு உலுக்கியது. மனைவி கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "ஈரத் துண்டை அப்படியே பைக்குள்ள வெச்சிருக்கீங்களா?" உள்ளே போனால் தாளித்த வாசனை. என் நாற்காலியில் துணி மடித்து அடுக்கி வைத்திருந்தாள், எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த முதல் வாய் காபி இருக்கிறதே, குற்றாலத்தின் எல்லா அருவிகளையும் அதற்கு எதிரே வைத்துவிடலாம். குளித்துவிட்டு, என் கட்டிலில், என் பக்கத்தில், பள்ளம் விழுந்த என் தலையணையில் படுத்தேன்.

பதினோரு மணிக்கு விழிப்பு வந்தபோதுதான் அவர் நினைவு வந்தது. போன் செய்தேன். பையை இன்னும் திறக்கவில்லை என்றார். பால் இல்லை, கடைக்குப் போகவும் மனம் இல்லை, கறுப்புக் காபி போட்டுக் குடித்தாராம். ஹாலில் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இப்போது நான் சொல்லப்போவது நம் அப்பார்ட்மென்ட் விஷயம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், அவர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்ட் டீச்சரம்மாவை உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் அவர் வீட்டு வாசலில் நாலைந்து நாள் பேப்பர் குவிந்து கிடந்தது. காற்றில் பறந்து படிக்கட்டு வரை வந்தது. நான் என்ன செய்தேன்? போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'பொது வழியைச் சுத்தமாக வைத்திருப்பது அனைவரின் கடமை' என்று எழுதினேன். பதினோரு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் திட்டவில்லை, எண்ணினேன், பழக்கம். அத்தனை பேரில் ஒருவர்கூட, முக்கியமாக மூன்று வாசல் தள்ளி இருக்கும் நான், அந்த அம்மா எங்கே என்று கேட்கவில்லை.

அவர் பெங்களூரில் மகள் வீட்டில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு 18 நாள் கழித்துத் திரும்பினார். ராத்திரி எட்டரை மணிக்கு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து, குனியக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தும், வாசலில் இருந்த பேப்பரை எல்லாம் அவரே குனிந்து பொறுக்கியிருக்கிறார். குரூப்பில் 'மன்னிக்கவும், பேப்பர்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன்' என்று ஒரு வரி போட்டார். அதற்கும் நான் கட்டை விரல் போட்டிருக்கிறேன். ரயிலில் எனக்குத் தூக்கம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

வந்த மறுநாள் நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "என் தப்புதான் சார்" என்று காபி கொடுத்தார். அதிலிருந்து எங்கள் மாடியில் ஆறு வீட்டுக்கும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்குப் போகிறவர் எதிர் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. திரும்பும் நாளையும் சொல்வது. பேப்பரையும் வாசலில் விழும் விளம்பரத் தாளையும் இருப்பவர் எடுத்து வைப்பது. குவிந்த பேப்பர் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி, அதையும் யோசியுங்கள். திரும்பும் நாளில் கதவு கைப்பிடியில் ஒரு பால் பாக்கெட் மாட்டி வைப்பது. விருப்பப்பட்டவர்கள் சாவி கொடுத்தால் உள்ளே ஒரு விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைப்பது. அவ்வளவுதான். இதற்கு சர்க்குலர், சப் கமிட்டி ஒன்றும் தேவைப்படவில்லை.

சாவி விஷயத்தில் பயப்படுகிறவர்கள் இருப்பீர்கள், பயப்படுவது நியாயம். அசோசியேஷன் ஆபீஸில் எல்லாச் சாவியையும் மாட்டி வைக்கும் யோசனைக்கு நானே எதிர்ப்பு. வங்கியில் கேஷ் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. டூப்ளிகேட் சாவிகளைக் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, சீல் வைத்து, வேறு கிளையில் கொடுத்து வைப்போம். வீட்டுக்கும் அதையே செய்யலாம். கவரில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஒரு வீட்டில் கொடுங்கள். திரும்பி வந்து கையெழுத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சரம்மா என்னிடம் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். போன மாதம் கவரைத் திருப்பிக் கொடுத்தபோது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்தை நன்றாகவே சரிபார்த்தார். எனக்கு சந்தோஷமாக இருந்தது.

எங்கள் நாலு பேர் விஷயத்திலும் ஒரு மாற்றம். செப்டம்பரில் காஞ்சிபுரம் போய் வந்தோம், ஒரே நாள் பயணம். திரும்பும்போது யாரும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நாலு பேரும் முதலில் சைதாப்பேட்டை போனோம். கிளியரிங் கதவைத் திறந்தார். டிராஃப்ட் பாலைக் காய்ச்சினார், பொங்கவிட்டு அடுப்பை நாசம் செய்தார். ஹெட் கேஷியர் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து அன்றைய கணக்கை அங்கேயே முடித்தார். அதற்குள் மூன்று டம்ளர், ஒரு தட்டு, செய்தித்தாள் எல்லாம் வீடு முழுக்க இறைந்து கிடந்தன. கிளம்பும்போது நான் எடுத்து வைக்கப் போனேன். "விடுய்யா, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

என் மனைவி கடிகாரத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். இதோ முடித்துவிட்டேன்.

கிளியரிங்கின் டூப்ளிகேட் சாவியும் இப்போது என் பீரோவில்தான், சீல் வைத்த கவரில். போன வாரம் அவர் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். நாளை மறுநாள் காலை வருகிறார். நாளை சாயங்காலம் நான் சைதாப்பேட்டை போய்க் கவரைப் பிரிக்க வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் ஒரு பச்சைப் பாக்கெட் ஆவின் வைக்க வேண்டும். டம்ளரை எங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாரோ தெரியவில்லை, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வர வேண்டும்.